ஆள் பார்த்தால் துணிக்கை, பார்க்காட்டி அலை: உது மெய்யோ?

தம்பி ஒருத்தர் கேட்டது, ஓகஸ்ட் 9, பின்னேரம் 5.12

இரட்டைப் பிளவுப் பரிசோதனையில ஆள் பார்த்தால் இலத்திரன் துணிக்கை மாதிரி நடக்குது, பார்க்காட்டி அலை மாதிரி நடக்குது எண்டு ஒரு வீடியோவில சொல்லுறாங்கள். அப்ப எங்கட மனசுதான் உலகத்தை உண்டாக்குது எண்டு விஞ்ஞானமே ஒத்துக்கொண்டிட்டுது தானே? எங்கட முன்னோர் உதை எப்பவோ சொல்லிப்போட்டினம். பௌதிகம் படிச்ச ஆராவது மறுக்க ஏலுமோ?

ஓகஸ்ட் 9, இரவு 9.40

மறுக்க ஏலும். அந்த வீடியோவை நானும் பார்த்தனான். பிளவுக்குப் பக்கத்தில ஒரு பெரிய கண் கீறி வைச்சிருக்கினம், இமை வேற வெட்டுது. எந்த ஆய்வுகூடத்திலயும் அப்பிடி ஒரு கண் இல்லை. முதல் பரிசோதனை என்ன எண்டு சொல்லுறன்: பக்கத்தில பக்கத்தில இருக்கிற இரண்டு பிளவுக்குள்ளால இலத்திரனை விட்டு, அங்கால திரையில எங்க விழுது எண்டு பார்க்கிறது. அலை மாதிரி நடந்தால் திரையில வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிக் கோடு கோடா விழும். துணிக்கை மாதிரி நடந்தால் கோடு வராது.

1961இல ஜேர்மனியில ரூபிங்கனில யோன்சன் எண்டவர் இலத்திரனை மெய்யான பிளவுகளுக்குள்ளால விட்டுக் கோடுகளைப் படம்பிடிச்சவர். 1989இல ஜப்பானில ஹிற்றாச்சி ஆய்வுகூடத்தில தொனொமுராவும் கூட்டாளிகளும் பிளவுக்குப் பதிலா மெல்லிய மின்னிழை ஒண்டை வைச்சு, இலத்திரனை ஒவ்வொண்டா விட்டவை. திரையில ஒரு புள்ளி விழும். பேந்து எங்கையோ இன்னொண்டு. முதலில பார்த்தால் ஆரோ எள்ளை விசிறினது மாதிரித்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில சேரத்தான் கோடு எழும்பும். அந்தப் படம் இப்ப ஆரும் தேடிப் பார்க்கலாம். பாருங்கோ, பார்த்தபடியால் ஒரு கோடும் அழியாது.

கோடு அழியிறது எப்ப எண்டால், இலத்திரன் எந்தப் பக்கத்தால போனது எண்டு வழியில ஒரு தடம் விழேக்க. அந்தத் தடத்தை ஆரும் வாசிச்சவையோ எண்ட கேள்வியே கணக்குக்குள்ள வராது.

முன்னோர் கதை பேந்து. விடிய நல்லூருக்குப் போகவேணும், மனிசி இப்பவே எழுப்பத் தொடங்கிடுவா.

ஓகஸ்ட் 10, காலை 8.05

தடம் எண்டு எழுதினதுக்கு ஒரு உதாரணம். இண்டைக்கு விடிய நாலரைக்குக் கேற்றைத் திறந்தன். ஒழுங்கைப் புழுதியில சைக்கிள் ரயர்க் கோடு ஒண்டு, எங்கட மதிலை ஒட்டி வந்து, வேம்படியில வளைஞ்சு போயிருக்கு. ஆர் போனது எண்டு தெரியாது. நான் கேற்றைத் திறந்தபடியால் அந்தக் கோடு விழேல்லை. திறக்காமல் படுத்திருந்தாலும் அது அங்கதான்.

ஓகஸ்ட் 10, இரவு 10.15

பிள்ளையள் மூண்டு பேர் "அப்ப ஏன் சேர் புத்தகத்தில அவதானிப்பு எண்டு கிடக்கு" எண்டு கேட்டிருக்கினம். நல்ல கேள்வி.

எங்கட பாடப்புத்தகச் சொல்தான் முதல் குற்றவாளி. அவதானம் எண்டால் கவனம். எட்டு அலுவலை ஒரே நேரத்தில மனசில வைச்சிருக்கிறவரைத்தான் அட்டாவதானி எண்டு சொன்னவை. அந்தச் சொல்லுக்குள்ள மனசு ஏற்கனவே குந்தியிருக்கு. "அவதானிப்பு இலத்திரனைப் பாதிக்கும்" எண்டு தமிழில எழுதின உடன, ஆரோ ஒருத்தர் உற்றுப் பார்க்கிறார் எண்ட படம் தானா வந்திடும். அளவீடு எண்டு எழுதியிருந்தால் பாதிச் சண்டை இல்லை. தராசு நிறுக்கிறதுக்குத் தராசுக்குக் கவனம் தேவையில்லை.

ஆனால் தலையீடு எண்ட சொல்லை வைச்சவருக்கு நான் ஒரு மாலை போடுவன். இரண்டு அலை ஒண்டோடொண்டு சேர்ந்து கூடிக் குறையிறதைத்தான் எங்கட புத்தகங்கள் தலையீடு எண்டு சொல்லுது. வெளியில ஆரும் தலையிடாமல் விட்டால்தான் தலையீடு தெரியும். முப்பது வருசம் படிப்பிச்சும் இந்தப் பம்பல் எனக்கு இண்டைக்குத்தான் ஓடினது.

ஓகஸ்ட் 11, பின்னேரம் 3.30

மருத்துவபீடப் பிள்ளை ஒண்டு எழுதியிருக்கிறா: கிளினிக்கில பிறஷர் பார்க்கக் கை நீட்டின உடன பிறஷர் ஏறுது, உதுதானே குவாண்டம் (இலத்திரன், அணு மாதிரிச் சின்னதுகளின்ர பௌதிகம்) எண்டு.

இல்லைப் பிள்ளை. ஆனால் இந்தப் பிழையை நான் வகுப்பில கன வருசம் விதைச்சனான், ஆனபடியால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 1927இல ஹைசன்பேர்க் ஒரு கற்பனை நுணுக்குக்காட்டியை வைச்சு விளக்கினவர்: இலத்திரனைப் பார்க்க ஒளி அடிக்கவேணும், அடிச்சால் அது தள்ளுப்படும், அதாலதான் இடமும் உந்தமும் ஒருமிக்கத் துல்லியமா வராது எண்டு. எழுத வசதியான கதை. கரும்பலகையில ஒரு பந்து, ஒரு அம்பு, முடிஞ்சுது.

உங்கட பிறஷர் கதையில, கை நீட்டமுன்னம் ஒரு அளவு இருந்தது, நீங்கள் அதைக் குழப்பிப்போட்டியள். தள்ளுப்பட்ட பந்தும் அப்பிடித்தான். குவாண்டத்தில நிலைமை இதைவிட மோசம். 1998இல ஜேர்மனியில ரெம்பேயின்ர குழு றுபீடியம் அணுவை இரண்டு வழியில விட்டு, போன வழியை அணுவின்ர உள்நிலையிலேயே குறிச்சுவைச்சினம். அந்தக் குறி போடுற நுண்ணலை குடுக்கிற தள்ளு, கோட்டை அழிக்கக் காணவே காணாது. எண்டாலும் கோடு போட்டுது. குறி ஒண்டு விழுந்ததே போதும்.

இதை நான் வாசிச்சது 2005க்குப் பிறகு. அதுக்கு முதல் என்னட்டைப் படிச்ச பிள்ளையள் ஆரும் இதை வாசிச்சால், பந்து–அம்புப் படத்தைக் கொப்பியில வெட்டிவிடுங்கோ.

ஓகஸ்ட் 11, இரவு 9.00

மேல எழுதின சைக்கிள் தடத்தையும் அரைவாசி வெட்டவேணும். சைக்கிள்காரர் மதிலை ஒட்டித்தான் வந்தவர், அதில சந்தேகமில்லை, தடம் விழுந்தாலும் விழாட்டியும். இலத்திரனுக்கு அப்பிடிச் சொல்லேலாது. தடம் விழாத இடத்தில "உண்மையில இந்தப் பக்கத்தாலதான் போனது, எங்களுக்குத்தான் தெரியாது" எண்டு வைச்சுக் கணக்குப் போட்டால் கோடு வராது, வெறும் இரண்டு குவியல்தான் வரும். வாசிக்க ஆள் தேவையில்லை எண்டதுக்கு மட்டும் அந்த உதாரணத்தை வைச்சிருங்கோ.

ஓகஸ்ட் 13, இரவு 11.20

இரண்டு நாள் வராததுக்குக் காரணம் ஒரு தலைமயிர்.

கேள்வி கேட்ட தம்பி "வாயால சொல்லாமல் செய்து காட்டுங்கோ" எண்டு எழுதினவர் எல்லோ. செய்தன். சாமான்: பொடியள் விளையாடுற சிவப்பு லேசர்ப் பேனை ஒண்டு, மனிசியின்ர கூந்தலில ஒரு மயிர், தீப்பெட்டி மட்டையில வெட்டின சின்னச் சட்டம். மயிரைச் சட்டத்தில நெட்டுக்கு ஒட்டி, லேசர் சரியா அதில படக்கூடியமாதிரி அரிசிப் பேணிக்கு மேல தூக்கி வைச்சன். சுவர் 3 மீற்றருக்கு அங்கால. லைற்றை நிப்பாட்டினால் சுவரில கிடைக்கோடு மாதிரி ஒரு சிவப்பு வரிசை, இடையிடையே கறுப்பு வெட்டு. மயிருக்கு இடப்பக்கத்தால போன ஒளியும் வலப்பக்கத்தால போன ஒளியும் சேர்ந்து கீறினது. ஐஞ்சு இடைவெளி 12 சென்ரிமீற்றர் வந்தது. லேசரின்ர அலைநீளம் 650 நானோமீற்றர் எண்டு எடுத்தால் மயிரின்ர தடிப்பு 81 மைக்ரோன். என்ர மயிரை வைச்சுப் பார்ப்பம் எண்டால் வைக்கக்கூடிய நீளத்தில தலையில ஒண்டும் மிஞ்சேல்லை.

இனித்தான் விசயம். கஸ்தூரியார் வீதியில திருத்துற கடை ஒண்டில உடைஞ்ச கணினித்திரை கேட்டு வாங்கி, அதில இருந்து முனைவாக்கித் தாளை, அதாவது ஒளியை ஒரு திசையில மட்டும் ஆடவிடுற தாளை, உரிச்சன் (பசையில விரல் தோலும் சேர்ந்து உரிஞ்சது). தாளில இரண்டு துண்டு வெட்டி, ஒண்டை நெட்டுக்கும் மற்றதைக் கிடைக்கும் திருப்பி, இரண்டும் சந்திக்கிற இடத்தில மயிர் வாற மாதிரி ஒட்டினன். இப்ப இடப்பக்கத்தால போற ஒளி நெட்டுக்கு ஆடும், வலப்பக்கத்தால போறது கிடைக்கு ஆடும். பேனையைச் சரிச்சுப் பிடிச்சால் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஒளி போகும். சுவரைப் பார்த்தால் வெட்டு ஒண்டும் இல்லை. ஒரே சிவப்புப் பூச்சு.

ஒளியில ஆரும் பேர் எழுதேல்லை. ஆரும் முனைவாக்கத்தை அளக்கவும் இல்லை. வழியில ஒரு அடையாளம் ஒட்டினது மட்டும்தான்.

பேந்து மூண்டாவது துண்டை 45 பாகையில சரிச்சு, சுவருக்கு முன்னால பிடிச்சன். கோடு திரும்பி வந்துது! இரண்டு அடையாளத்தையும் அந்தத் துண்டு ஒண்டாக்கிப்போட்டுது. மற்றப் பக்கத்துக்கு 45 பாகை சரிச்சால் கோடு வரும், ஆனால் வெளிச்சம் இருந்த இடத்தில கறுப்பும் கறுப்பு இருந்த இடத்தில வெளிச்சமும். மனிசி கதவடியில நிண்டு "உதுக்கோ என்ர தலைமயிர்" எண்டு கேட்டிட்டுப் போட்டா.

ஓகஸ்ட் 14, காலை 7.10

கனடாவில இருந்து ஒரு அண்ணை இரவிரவா எழுதியிருக்கிறார். சுருக்கம்: "உமது மயிர்ப் பரிசோதனையில குவாண்டம் எங்க கிடக்கு? ஒளியை வெறும் அலையா எடுக்கிற மக்ஸ்வெல்லின்ர பழைய சமன்பாடே இதைச் சொல்லும். அலை எண்டால் அலை."

அண்ணை சொன்னது சரி. நான் விட்டது சவடால்தான். லேசர்ப் பேனை ஒரு மில்லிவாற் எண்டு வைச்சால் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 3,000,000,000,000,000 போட்டன் வெளியில வருது. (போட்டன் எண்டால் நான் போட்டதில்லை, ஒளியின்ர சொட்டு.) என்ர அறையின்ர 3 மீற்றருக்குள்ள ஒரே நேரத்தில மூண்டு கோடி போட்டன் நெருக்குப்படுது, தேர்த்திருவிழாச் சனம் மாதிரி. அதுக்குள்ள ஒரு போட்டனின்ர குணத்தைப் பற்றி நான் என்னத்தைச் சொல்லுறது.

ஆனால் ஒவ்வொண்டா விட்டாலும் விடை இதேதான். அதில ஒண்டு எனக்கு ஊர்க்கதை மாதிரி.

ஓகஸ்ட் 14, இரவு 9.50

1993. நான் உயர்தரம். 1990 நடுப்பகுதியோட போன கரண்ட் திரும்பி வரேல்லை. மண்ணெண்ணெய் தங்கவிலை. எல்லா வீட்டிலயும் போல எங்கட வீட்டிலயும் ஜாம் போத்தல் விளக்கு: போத்தலுக்கு அடியில கொஞ்சப் பஞ்சு, அதில நனைய அளவான எண்ணெய், மேல ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில கொப்பியில ஒரு வரி தெரியும், அடுத்த வரிக்குப் போத்தலை நகர்த்தவேணும். சுவாலை கொஞ்சம் கூடினால் கண்ணாடியில புகை பிடிச்சிடும், பேந்து அதுவும் இல்லை.

அப்ப ஒரு பழைய புத்தகத்தில வாசிச்சன். 1909இல கேம்பிறிஜ்ஜில ஜி. ஐ. ரெய்லர் எண்ட இளம்பெடியன், ஒரு எரிவாயுச் சுவாலைக்கு முன்னால புகை பிடிச்ச கண்ணாடியளை அடுக்கி ஒளியைக் குறைச்சுக் குறைச்சு, ஒரு ஊசியின்ர நிழலைப் படம்பிடிச்சிருக்கிறான். அவன்ர ஆகக் குறைஞ்ச ஒளி எவ்வளவு எண்டால், ஒரு மைலுக்குக் கொஞ்சம் அங்கால எரியிற மெழுகுதிரி அளவு. வெள்ளியுப்புப் பூசின புகைப்படத் தட்டில படம் விழ 2000 மணித்தியாலம், கிட்டத்தட்ட மூண்டு மாதம். ஒரு நேரத்தில பெட்டிக்குள்ள ஒரு சொட்டு ஒளிகூட இருக்குமோ இருக்காதோ எண்ட அளவு. எண்டாலும் ஊசியின்ர நிழலைச் சுத்தி இருந்த கோடுகள் வெளிச்சம் கூடின படத்தில போலவே கூர்மையா இருந்தது.

எனக்கு அப்ப பௌதிகத்தை விட அந்தப் புகை பிடிச்ச கண்ணாடிதான் மனசில ஒட்டினது. நாங்கள் துடைக்கிறதை அவன் வேணுமெண்டு அடுக்கியிருக்கிறான்.

அடுத்த நாள் வகுப்பில மாஸ்டரிட்டைக் கேட்டன்: மூண்டு மாதம் ஆரும் பெட்டிக்குள்ள பார்க்கேல்லை, அப்ப ஆர் சேர் பார்த்தது? மாஸ்டர் சொன்னார்: "உது சோதினைக்கு வராது, இரு." இருந்தன். பதினைஞ்சு பதினாறு வருசம் கழிச்சு என்ர வகுப்பில ஒரு பெட்டை கிட்டத்தட்ட இதையே கேட்டவள். நானும் சொல்லுக்குச் சொல் அதையே சொன்னனான். அவள் இப்ப எங்க எண்டு தெரியாது. இதை வாசிச்சால்: தட்டு பார்த்தது பிள்ளை. வெள்ளியுப்பு மணி ஒவ்வொண்டும் பார்த்தது. ரெய்லர் தட்டைக் கழுவினது பேந்துதான்.

ஓகஸ்ட் 15, மத்தியானம் 1.00

"வெள்ளியுப்பு பார்த்தது" எண்டால் வெள்ளியுப்புக்கு அறிவிருக்கோ எண்டு கேட்கிறியள். இல்லை. ராத்திரி கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப்போனன். பதிஞ்சுது எண்டு வாசியுங்கோ.

ஓகஸ்ட் 16, இரவு 8.45

ஆக்களே இல்லாமல் கோடு அழியிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஆகத் திறமான சாட்சி வியன்னாவில நடந்தது. 1999இல சைலிங்கர், ஆண்ட் குழு 60 காபன் அணு சேர்ந்த பந்து மூலக்கூறுகளைக் கீற்றணிக்குள்ளால (நுண்ணிய பிளவுகள் வரிசையா இருக்கிற தகடு) விட்டுக் கோடு எடுத்தவை. 2004இல 70 காபன் அணுப் பந்தை எடுத்து, போற வழியில லேசரால சூடாக்கினவை. சாதாரண சூட்டில கோடு வடிவா வருது. சூட்டைக் கூட்டக் கூட்ட மங்குது. 3000 கெல்வினை நெருங்கேக்க போயே போட்டுது.

ஏன் எண்டு யோசியுங்கோ. கொல்லன் உலையில இரும்பு பழுத்தால் தானே ஒளி விடும். அதே மாதிரி பழுத்த மூலக்கூறு பறந்துகொண்டே ஒண்டிரண்டு போட்டனை வெளியில விடுது. அந்தப் போட்டன் குழாயின்ர சுவரில போய் முட்டி முடிஞ்சுபோச்சு. ஒருத்தரும் பிடிக்கேல்லை, பிடிக்க அங்க கருவியும் இல்லை. ஆனால் அது எங்க இருந்து கிளம்பினது எண்ட சேதி அதில இருந்தது. ஊருக்குப் போகாத கடிதம் மாதிரி. எழுதினதே காணும்.

இதைத்தான் டிகோஹீரன்ஸ் எண்டு சொல்லுறது, ஒத்திசைவு குலையிறது. 1985இல யோஸ், சே எண்ட இரண்டு பௌதிகக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினவை: ஒரு தூசி காற்றில கிடந்தால் காற்று மூலக்கூறுகள் முட்டி முட்டியே அது எங்க கிடக்கு எண்டதை ஊரெல்லாம் பரப்பிடும். காற்றே இல்லாத வெளியில வைச்சாலும், பெருவெடிப்பில மிஞ்சின மங்கல் ஒளிகூட அந்த வேலையைச் செய்யும்.

ஓகஸ்ட் 17, காலை 6.40

கேள்வி கேட்ட தம்பி விடுறாரில்லை. "அடிக்கடி பார்த்தால் அணு மாறாமல் நிண்டிடும் எண்டு ஒரு விதி இருக்குதே, அப்ப பார்வைக்குச் சக்தி இருக்குத்தானே?"

இருக்கு. அதை 1977இல கணக்கில காட்டினது மிஸ்ராவும் சுதர்சனும். ஜோர்ஜ் சுதர்சன் கோட்டயத்தில பிறந்து மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில படிச்சவர், எங்களுக்குப் பக்கத்து ஆள்தான். 1990இல அமெரிக்காவில இற்றானோ குழு 5000 அளவு பெரிலியம் அயனை வைச்சுச் செய்து பார்த்தவை. இடையில 64 தரம்வரை "பார்த்தவை", அயன்கள் பழைய நிலையிலேயே நிண்டுதுகள். பார்த்தது ஆர்? லேசர்த் துடிப்பு. இடையில வந்த விடை ஒண்டையும் ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை, கடைசியில ஒருக்காத்தான் எண்ணினவை. அதோட இந்தக் கேள்வியை மூடுவம்.

ஓகஸ்ட் 18, இரவு 10.30

சரி, மனசுக் கதை எங்க இருந்து வந்தது? சும்மா வீடியோக்காரர் கிளப்பினது இல்லை, பெரிய தலையள்தான்.

1932இல யோன் வொன் நொய்மன் ஒரு வெப்பமானியை உதாரணமா வைச்சார். சூட்டை அளக்கிறது இரசம். இரசத்தின்ர உயரத்தைக் காட்டுறது ஒளி. ஒளி கண்ணுக்குள்ள போய், விழித்திரை, நரம்பு, மூளை. அளக்கிறது இதில எங்க முடியுது? எங்க கோடு கிழிச்சாலும் விடை ஒண்டுதான் எண்டு காட்டினார். எங்கயும் கிழிக்கலாம் எண்டால் ஆகக் கடைசியில, மனசில கிழிச்சால் என்ன எண்டு 1939இல லண்டனும் பவரும் (லண்டன் ஊர் இல்லை, ஆள்) எழுதினவை. 1961இல விக்னர் அதை முழுசா எடுத்துக்கொண்டார். என்ர சிநேகிதனை ஆய்வுகூடத்துக்குள்ள விட்டுக் கதவைப் பூட்டினால், நான் கேட்கிறவரைக்கும் அவன் இரண்டுங்கெட்டான் நிலையிலயோ இருப்பான்? இருக்கமாட்டான், அவனுக்கு உணர்வு இருக்கு, ஆனபடியால் உணர்வுதான் அலைச்சார்பை (எந்த விடை வர எவ்வளவு வாய்ப்பு எண்டு சொல்லுற கணக்கை) ஒரு விடையாச் சுருக்குது எண்டு.

வீடியோவில சொல்லாத மிச்சக் கதை: அதே விக்னர், மேல சொன்ன சேயின்ர 1970ஆம் ஆண்டுக் கட்டுரையை வாசிச்ச பிறகு மெல்ல மெல்ல அந்தக் கொள்கையைக் கைவிட்டார். பெரிய பொருளை ஒரு நேரமும் தனிய வைக்கேலாது, சுத்தாடல் எப்பவும் அதில முட்டிக்கொண்டுதான் இருக்கும் எண்டு அவருக்கு விளங்கினது. நோபல் பரிசு எடுத்த மனிசன், "நான் சொன்னது பிழை" எண்டு சொன்னவர். எங்கட ஊரில ரியூசன் மாஸ்டர் ஒருத்தர்கூடச் சொல்லமாட்டார். (நான் இந்த இழையில மூண்டுதரம் சொல்லிப்போட்டன், எண்ணுங்கோ.)

ஷ்ரோடிங்கர் பூனையை ஆரோ இழுத்திருக்கிறியள். அது ஒரு கற்பனைப் பூனை: ஒரு அணு உடைஞ்சால் நஞ்சு வெளியில வாற பெட்டிக்குள்ள பூட்டினது, திறந்து பார்க்கிறவரைக்கும் உயிரும் சாவும் ஒண்டாக் கிடக்கு எண்டு கணக்குச் சொல்லும். அவர் வேதாந்தத்தில நல்லா ஊறின ஆள்தான், ஆனால் 1935இல அந்தப் பூனையைப் பெட்டியில வைச்சது "பாருங்கோ உங்கட கணக்கு எவ்வளவு அபத்தமான இடத்துக்குப் போகுது" எண்டு நக்கலடிக்க. பூனை அரை உயிரோட இருக்கு எண்டு நம்பி இல்லை.

ஜோன் பெல் 1990இல கேட்டதை நான் வருசா வருசம் வகுப்பில சொல்லுறனான். உலகத்தின்ர அலைச்சார்பு ஒரு ஒற்றைக்கல உயிர் தோன்றுமட்டும் கோடிக்கணக்கான வருசம் காத்துக் கிடந்ததோ? இல்லாட்டி அதுக்கும் மேல, கலாநிதிப் பட்டம் எடுத்த ஒருத்தர் வருமட்டும் பொறுத்ததோ?

ஓகஸ்ட் 19, இரவு 11.55

ஒருத்தர் எழுதியிருக்கிறார், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளும் பெட்டிக்குள்ள பூனை மாதிரித்தான், தாய்மாருக்கு இருக்கிறான் இல்லை எண்ட இரண்டு நிலையும் ஒண்டாம் எண்டு. வலியில எழுதினது எண்டு விளங்குது. எண்டாலும் அந்த உதாரணத்தை இதுக்குள்ள கொண்டுவராதேங்கோ.

மேற்பொருந்துகை, அதாவது இரண்டு நிலையும் ஒண்டாக் கிடக்கிறது எண்டால், உலகத்தில எந்த மூலையிலயும் தடம் இல்லை எண்டு அர்த்தம். காற்றில இல்லை, சுவரில இல்லை, ஒரு போட்டனில இல்லை. என்ர பெரியம்மாவின்ர மகன் விசயத்தில தடம் இருக்கு. ஒரு கொப்பியில இருக்கும், ஒரு மண்ணில இருக்கும், ஆரோ ஒருத்தற்ற ஞாபகத்தில இருக்கும். ஆருக்கோ தெரியும். தெரியாமல் இருக்கிறது நாங்கள்.

ஓகஸ்ட் 21, பின்னேரம் 5.20

கனடா அண்ணை திரும்பவும். "டிகோஹீரன்ஸ் எல்லாத்தையும் தீர்த்துப்போட்டுது மாதிரிக் கதைக்கிறீர். கோடு ஏன் அழியுது எண்டு அது சொல்லும். அழிஞ்ச பிறகு புள்ளி ஏன் இஞ்ச விழுந்தது, ஏன் அங்க விழேல்லை எண்டு சொல்லுமோ?"

சொல்லாது. இதில நான் வாயைப் பொத்துறன். சுத்தாடலோட சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு விடையும் பக்கத்தில பக்கத்தில அப்பிடியே கிடக்கும், ஒண்டையொண்டு தொடாமல். எங்கட கையில வாறது எப்பவும் ஒண்டு. மற்றதுக்கு என்ன நடந்தது? 1957இல எவெரற் சொன்னார், இரண்டும் நடக்குது, நீங்களும் இரண்டாப் பிரிஞ்சிட்டியள் எண்டு. 1952இல போம் சொன்னார், துணிக்கைக்கு எப்பவும் ஒரு இடம் இருக்கு, அலை அதை ஓட்டிக்கொண்டு போகுது எண்டு. 1986இல மூண்டு இத்தாலியர் சொல்லிச்சினம், அலைச்சார்பு தன்பாட்டில எப்பவாவது சுருங்கும் எண்டு. மூண்டிலயும் மனசுக்கு விசேட வேலை இல்லை. 2011இல ஒஸ்திரியாவில கூட்டம் ஒண்டுக்கு வந்த 33 பேரிட்டைக் கேட்டேக்க, உணர்வுக்குப் பௌதிகத்தில தனி வேலை இருக்கு எண்டவை 100க்கு 6 வீதம். அதாவது இரண்டு பேர். அவையளைப் பைத்தியம் எண்டு நான் சொல்லமாட்டன், அந்தக் கதவு பூட்டுப்படேல்லை. "விஞ்ஞானம் ஒத்துக்கொண்டிட்டுது" எண்ட வசனத்தைத்தான் ஒத்துக்கொள்ளேலாது.

ஓகஸ்ட் 22, இரவு 9.15

முன்னோர் கதைக்கு வருவம் எண்டு முதல் நாள் சொன்னனான். ஆர் முன்னோர்? உலகம் மாயத்தோற்றம் எண்டு சொன்னவை ஒரு பக்கம். ஆனால் எங்கட ஊர்ப் பெரியவை பிடிச்சது சைவசித்தாந்தம். அதில உலகம் உள்பொருள், ஆர் பார்த்தாலும் பார்க்காட்டியும் இருக்கும். ஆன்மாதான் சார்ந்ததன் வண்ணமாகும், உலகம் ஆன்மாவின்ர வண்ணமாகாது. எங்கட அப்பு திண்ணையில இருந்து வேதாந்தக்காரரோட கத்திச் சண்டை பிடிச்சது இதுக்குத்தான். அவரைக் கொண்டுவந்து "மனசு உலகத்தை உண்டாக்குது" எண்ட கட்சியில சேர்த்தால் வெத்திலைத் தட்டாலேயே எறிவார்.

ஓகஸ்ட் 24, காலை 7.30

சின்னத் திருத்தம். 2000ஆம் ஆண்டு வெளியான "பிந்தி அழிக்கிற" பரிசோதனையைப் பற்றி, எதிர்காலம் இறந்தகாலத்தை மாத்துது எண்டு தம்பி எழுதியிருக்கிறார். அதில போட்டன் சோடி சோடியா வரும், ஒண்டு திரைக்குப் போகும், போன வழியின்ர தடம் மற்றதில இருக்கும், அந்தத் தடத்தைப் பேந்து அழிக்கலாம். என்ர மயிரை நினையுங்கோ. இந்தப் பக்கம் 45 பாகையில வந்த கோடும் அந்தப் பக்கம் 45 பாகையில வந்த கோடும் ஒண்டின்ர வெட்டில மற்றது. இரண்டு சீப்பைப் பல்லுக்குள்ள பல்லுச் செருகினால் இடைவெளி தெரியாது, அது மாதிரி. அந்தப் பரிசோதனையிலயும் திரையில முதல் விழுந்தது வெறும் பூச்சு, கடைசி வரைக்கும் அது பூச்சுத்தான். பேந்து மற்றப் போட்டனின்ர விடையைப் பார்த்து, புள்ளியளை இரண்டு கடகத்தில பிரிச்சுப் போட்டால் ஒவ்வொரு கடகத்திலயும் கோடு தெரியும். விழுந்த புள்ளி ஒண்டும் அசையேல்லை.

ஓகஸ்ட் 26, காலை 6.05

"நீர் பார்த்துக்கொண்டு நிண்டபடியால்தான் சுவரில கோடு வந்தது" எண்டு தம்பி கடைசி அஸ்திரத்தை விட்டவர். சரி எண்டு நேற்று இரவு லேசரைப் பெரிய பற்றறியில கொழுவி, போனைக் கதிரையில கட்டி, பத்துச் செக்கனுக்கு ஒரு படம் எடுக்க விட்டிட்டு, அறையைப் பூட்டித் திறப்பை மனிசியிட்டைக் குடுத்திட்டுப் படுத்தன்.

விடிய எடுத்துப் பார்த்தன். பதினொண்டு மணியில இருந்து கோடு அப்பிடியே நிக்குது. 1.17க்கு ஒரு பல்லி சுவரில வந்திருக்கு. நாலு படத்தில நடுக்கோட்டில குந்தியிருக்கு, முதுகில சிவப்பும் கறுப்பும் வரிவரியா விழுந்து புலி மாதிரி. ஐஞ்சாவது படத்தில ஆளில்லை. 2.40க்குப் போன் பற்றறி செத்துப்போச்சு.

தம்பி உடன எழுதியிருக்கிறார்: "அப்ப பல்லி பார்த்திட்டுதே!"

மனிசியிட்டைச் சொன்னன். அவ கேட்டது ஒண்டுதான்: எந்தப் பக்கத்தில இருந்து சொன்னது?